கெண்டைக்காலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

நான் ஓய்வு பெற்ற அன்றைக்கு சால்வை போர்த்தி, "நாலு வார்த்தை பேசுங்க" என்றார்கள். எழுந்து நின்றேன். மைக்கில் ஷாக் அடிக்குமோ, பின்வரிசை வீல்சேர்களுக்கெல்லாம் பிரேக் போட்டிருக்கிறதோ இல்லையோ, வீட்டில் கேஸை மூடினேனா என்று எல்லாக் கவலையும் ஒரே நேரத்தில் வந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, எழுதியாவது குடுங்க. புதுசா வர்றவங்க படிக்கட்டும்."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன். பிரேக் பிடிக்குமா, டயர் வெடிக்குமா என்று வழியெல்லாம் கேட்டு டிரைவர்களின் உயிரை வாங்கியதால் அந்த வேலை நிலைக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தசை நோய்க்காரர்களுக்காக இந்தப் பயிற்சி நிலையத்தை மேடம் ஆரம்பித்தபோது, ஆளைத் தூக்கி உட்கார வைக்க, வண்டி தள்ள ஒரு உதவியாள் வேண்டும் என்றார். "எனக்கு எதுக்கெடுத்தாலும் பயம் வரும் மேடம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "நல்லது. பயப்படாத ஆளுங்கள வெச்சு நான் பட்டது போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

போன வாரம் சும்மா எட்டிப் பார்க்க வந்தேன். இறுக்கமான டீ-சர்ட் போட்ட ஒரு தம்பி, சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த ஒருவர் முன்னால் நின்று, "கமான் சார்! இன்னும் ஒண்ணு! லாஸ்ட் ஒண்ணு!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டி ரோட்டு லாரி ஹாரனே அந்தக் குரலில் அமுங்கிப்போனது. தம்பி, உங்களைத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். குரல் நல்ல குரல். ஜிம்மில் அதற்கு மரியாதை உண்டு. இங்கே வரும்போது மட்டும் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். உங்களுக்கும் எனக்கும் கடுமையாக வேலை செய்தால் சதை லேசாகக் கிழியும், ஆறும்போது முன்னைவிடக் கெட்டியாகும். நம்மிடம் வருகிறவர்களுக்குச் சதையைக் காப்பாற்றுகிற சரக்கு பிறவியிலேயே குறைச்சல். குடும்ப வழியாக வந்தது. யாரும் எதுவும் தின்று வரவழைத்தது இல்லை. அவர்களை மிரட்டி வேலை வாங்கினால் கிழிந்தது சரியாக ஆறாது. அதற்குப் பயந்து அசையாமல் வைத்தாலோ மூட்டு மடங்கினது மடங்கினபடியே இறுகிவிடும், இருக்கிற பலமும் போகும். நடுவில் ஒரு சின்ன சந்து இருக்கிறது. நம் வேலை அந்தச் சந்துக்குள்தான். என்னைப் போல ஆளுக்கு அது லேசா? முதல் வருஷம் முழுக்க ஒருத்தரையும் எதுவும் செய்ய விடாமல், "போதும் போதும், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லியே நாளை ஓட்டினேன். மேடம் பார்த்துவிட்டு, "உங்கள எக்சர்சைஸ் உதவிக்கு வெச்சேனா, தாலாட்டுப் பாட வெச்சேனா?" என்றார்.

மேடம் எனக்குக் கொடுத்த முக்கியமான வேலை ஒரு கேள்வி. வருகிற ஒவ்வொருவரிடமும், "சிறுநீர் என்ன கலர்ல போகுது?" என்று கேட்க வேண்டும். அளவுக்கு மீறிச் சதை சிதைந்தால் சதையிலிருக்கிற சாயம் சிறுநீரில் இறங்கும். காபி மாதிரி, கோலா மாதிரி கறுக்கும். அப்படிப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி. கவலைப்படுகிறவனுக்கு இப்படி ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? கடப்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் ஒருநாள், "லேசா செவப்பா போச்சுப்பா" என்றார். அவ்வளவுதான். அவரை வண்டியில் ஏற்றி, அவர் ஏதோ சொல்ல வருவதைக்கூடக் காதில் வாங்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டாக்டர் விசாரித்தார். முந்தின நாள் பெரியவர் சாப்பிட்டது பீட்ரூட் பொரியல்.

அன்றிலிருந்து நிலையத்தில் எனக்குப் பேர் "கலர் அண்ணாத்த".

அந்தப் பேரை வைத்தவன் தணிகை. அவனைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

அச்சரப்பாக்கம் பக்கத்தில் கிராமம். விவசாயக் குடும்பம். இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நின்றபடி பார்க்கிற வேலை. ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். வயது இருபத்தைந்துக்குள். அவன் முதல்முதலில் அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது, இவனுக்கு இங்கே என்ன வேலை என்றுதான் நினைத்தேன். கெண்டைக்கால் இரண்டும் உரலைக் கவிழ்த்து வைத்த மாதிரி. ஊரில் அந்தக் காலைப் பார்த்தே அவனைக் கபடி டீமில் சேர்த்திருக்கிறார்கள். "இவன் புடிச்சா எவனும் தாண்ட மாட்டான்" என்று டீமுக்கே பெருமை. எதிர் டீமில் அவன் காலை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டாம்.

மேடம் அவனைத் தரையில் உட்காரச் சொன்னார். "இப்ப எழுந்திருப்பா." அவன் திரும்பிக் குப்புறச் சாய்ந்து, கையை ஊன்றி, முட்டியைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏணி வைத்து ஏறுகிற மாதிரி எழுந்தான். எழுந்து நின்று சிரித்தான். "கபடில வுழுந்த அடி மேடம்."

அடி இல்லை. கெண்டைக்காலில் புடைத்திருந்தது பலமும் இல்லை. சதை கரைந்த இடத்தில் கொழுப்பும் நாரும் அடைத்துக்கொண்டு பார்வைக்குப் பயில்வான் கால் மாதிரி நிற்கிறது. தொடையோ உள்ளுக்குள் இளைத்துக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டர் நோயின் பேரைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அதே நோய் அவனுடைய தாய்மாமனுக்கும் இருந்தது. மாமா எழுந்து நடந்து பல வருஷம் ஆயிற்று. ஊரில் இவர்கள் வீட்டிலேயே கட்டிலில் இருந்தார்.

அந்த வீட்டில் மாமாவைப் பற்றி ஒரே ஒரு கதைதான். சோம்பேறி. வேலைக்குப் பயந்து உட்கார்ந்தான், உட்கார்ந்ததால் கால் போயிற்று. ஊரும் அதையே சொல்லிற்று. தணிகையும் அதைக் கேட்டே வளர்ந்தவன். அவன் அம்மாவுக்கோ நோயின் பேர் தெரிந்த நாளிலிருந்து நேர் எதிரான பயம். முதல் நாளே மேடத்திடம், "அவன எதுவும் செய்ய வுடாதீங்க மேடம். கீற பலம் அப்பிடியே இருக்கட்டும். வூட்டுக்குக் கூட்டிகினு போயி, சோத்தக்கூட வாயாண்ட கொண்டாந்து ஊட்டுறேன்" என்றார். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் கட்சி.

மேடம் அவனுக்குக் கொடுத்தது லேசான சைக்கிள், வாரத்தில் ஒருநாள் தண்ணீர்ப் பயிற்சி. மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு விடுதிக்காரர், கூட்டம் இல்லாத காலை நேரத்தில் தன் நீச்சல் குளத்தை நமக்கு விடுவார். தண்ணீருக்குள் உடம்பு கனக்காது. நடக்க முடியாதவர்கூட நாலு எட்டு வைப்பார். நான் கரையில் நின்றுகொண்டு ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் கடல் வேறு. அது தாண்டி வந்துவிடுமோ என்று அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்வேன்.

ஒவ்வொரு முறையும் வேனில் ஏறும்போது என் கேள்வியைக் கேட்பேன். தணிகை விடமாட்டான்.

"இன்னா அண்ணாத்த, பெயின்ட் கட வெக்கப் போறியா? மஞ்சா. ஒரு கோட்டிங் போதுமா, ரெண்டு வோணுமா?"

இன்னொரு நாள், "பாட்டில்ல புடிச்சாந்துகிறேன், மோந்து பாக்கிறியா?" என்பான். வேனே சிரிக்கும். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரிப்பார். "ரோட்டப் பாத்து ஓட்டுய்யா" என்று நான் கத்த, அதற்கும் சிரிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை. மேடம் சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். குளம் முடிந்து, மற்றவர்கள் உடை மாற்றி வேனில் உட்கார்ந்தாயிற்று. அன்று தணிகை தண்ணீரை விட்டு ஏறவே சிரமப்பட்டான். தொடையைத் தொட்டால் முகம் சுளித்தான். பாத்ரூம் போய்விட்டு ரொம்ப நேரம் கழித்து வந்தான். நான் வழக்கம்போல, "தணிகை, கலர் எப்பிடி?" என்றேன்.

"நல்லாத்தான் கீதுண்ணா."

அவ்வளவுதான் சொன்னான். பெயின்ட் கடை இல்லை, பாட்டில் இல்லை. அண்ணாத்த என்று கூப்பிடுகிறவன் அண்ணா என்கிறான். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள், தம்பிகளே. உங்களிடம் கத்துகிறவர், அழுகிறவர், வலிக்கிறது என்று ஊரைக் கூட்டுகிறவர், இவர்களுக்காகப் பதற வேண்டாம். தினமும் உங்களை ஓட்டுகிறவர் ஒருநாள் மரியாதையாகப் பேசினால், அங்கே நில்லுங்கள்.

அவனைத் தனியாக ஓரம் கட்டினேன். "மூஞ்சியப் பாத்து சொல்லு."

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோலா மாரி போவுதுண்ணா. காலைலேந்து."

"நேத்து இன்னா பண்ண?"

"மலைக்குப் போனேன். திருக்கழுக்குன்றம்."

"படி ஏறினியா?"

"ஏறினேன். எறங்கினேன். மறுபடி ஏறினேன். லீவு நாள்ல எல்லாம் போறேன். நேத்து கொஞ்சம் ஜாஸ்தி."

"வேண்டுதலாடா?"

"வேண்டுதல் இல்ல. பிராக்டிஸு. நீங்க குடுக்கற சைக்கிளு கொழந்த ஓட்டுற சைக்கிளுண்ணா. அதுல இன்னா வந்துரப் போவுது? மாமா மாரி ஒக்காந்துருவனோன்னு கீது."

ஏறுவதைவிட இறங்குவதுதான் இவர்கள் சதைக்குப் பெரிய அடி என்று மேடம் பலமுறை சொல்லியிருக்கிறார். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். உடம்பின் பாரத்தைப் படிக்குப் படி தொடை இழுத்துப் பிடிக்கிறது. அதை அவனுக்குச் சொல்ல நேரமில்லை. "வண்டில ஏறு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாத்த, வேணாம். யாராண்டயும் சொல்லாத. எளநி குடிச்சா சரியாப் பூடும். ஆஸ்பத்திரின்னா எங்கம்மா வந்துரும். வேலைய வுடச் சொல்லிடும். மாமா கட்டிலாண்ட இன்னொரு கட்டிலப் போட்டு என்ன ஒக்கார வெச்சிரும். அதோட முடிஞ்சுது நான்."

மேடத்துக்கு போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். வேனுக்குள்ளிருந்து ஒருவர், "கலர் அண்ணாத்த, அவன் பீட்ரூட் துன்னானான்னு மொதல்ல கேளு!" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உண்மையிலேயே தயக்கம் வந்தது. இதுவும் பீட்ரூட்டாக இருந்தால்? இந்தப் பிள்ளையின் வேலையை, ரூமை, எல்லாவற்றையும் என் பயத்தால் கெடுத்தவன் ஆவேனே. இளநீர் வாங்கிக் கொடுத்து சாயங்காலம் வரை பார்த்தால் என்ன?

பயத்தோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பயம் வரும்போது அதை நம்பவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அதைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நீ பொய்யாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், நிஜமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பொய்யானால் எனக்கு இன்னும் ஒரு வருஷம் கிண்டல், அவனுக்கு அம்மாவிடம் திட்டு, மீறினால் வேலை போகும். நிஜமானால் அவனுக்குச் சிறுநீரகம். கணக்கு முடிந்தது. "தணிகை, என்ன எவ்ளோ வேணா திட்டிக்கோ" என்று சொல்லி வேனில் படுக்க வைத்தேன்.

வழியில் திருக்கழுக்குன்றம் வந்தது. மலை ஜன்னலில் தெரிந்தபோது அவன் முகத்தை எதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வேனில் யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பாட்டிலில் பிடித்துக் கொடுத்ததைப் பார்த்ததும் அங்கிருந்த சின்ன வயது டாக்டர் வேறு கேள்வி கேட்கவில்லை. உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள். "சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தீங்கன்னா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். நான் வராந்தாவில் உட்கார்ந்து, இப்போது நிம்மதியாக, முறைப்படி, பயப்பட்டேன்.

அவன் சொன்ன மாதிரியே அம்மா வந்தார். அழுதார். "போதும்டா உன் வேல. வூட்டுக்கு வா" என்றார். தணிகை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அடுத்தடுத்த நாட்களில் சிறுநீர் தெளிந்தது. அவன் தெளியவில்லை.

பிறகு ஒருநாள், யாரும் எதிர்பார்க்காமல் மாமா வந்தார். தெரிந்தவர் வண்டியில் ஏறி, ஆஸ்பத்திரி வீல்சேரில் உட்கார்ந்து, வார்டுக்குள் வரும்போதே சத்தம்.

"எங்கடா என் கால வாங்கினு போனவன்?"

மாமாவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். முழங்கை மடங்கினபடி இறுகியிருந்தது. வாய் மட்டும் ஒரு இடத்தில்கூட மடங்கவில்லை.

"மாப்ள, இங்க திரும்பு. நான் சும்மா ஒக்காந்ததால கால் போச்சுன்னு எவன்டா உனக்கு சொன்னான்?"

"ஊரே சொல்லுது மாமா."

"ஊருக்கு இன்னா தெரியும்? உன் வயசுல நான் நெல்லு மூட்டைய முதுகுல போட்டுகினு களத்தச் சுத்துவன்டா. விழுவேன், எழுவேன், திரும்பவும் தூக்குவேன். தூக்கினா வலுக்கும்னு. நீ மலை ஏறின, நான் மூட்ட தூக்கினேன். ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு."

"நீயா?"

"பின்ன? எனக்குப் பொண்ணு குடுக்க வந்தவங்க என் மூஞ்சியவா பாத்தாங்க? வேட்டிய மடிச்சுக் கட்டிகினு நின்னேன். கெண்டக்காலப் பாத்து, ஏர் ஓட்டுற காலுன்னு அங்கயே தட்டு மாத்திட்டாங்க. உங்க அத்த இன்னிக்கும் என் காலத்தான் திட்டிகினு கீறா."

அம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். தணிகை சிரிக்கவில்லை. மாமாவையே பார்த்தான். இத்தனை நாள் சோம்பேறி என்று நினைத்த ஆளைப் புதிதாகப் பார்க்கிற பார்வை.

அதற்குள் மேடமும் வந்துவிட்டார். மாமா அவரிடம் நேராகக் கேட்டார். "நான் மூட்ட தூக்கலன்னா நடந்துகினு இருப்பேனா மேடம்?"

மேடம் பக்கத்தில் வந்து அவருடைய மடங்கின கையைப் பிடித்துப் பார்த்தார். "மூட்டையால வந்ததில்ல. தூக்காம இருந்தாலும் நோய் வந்திருக்கும். அளவாச் செஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச காலம் நடந்திருப்பீங்களான்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. ஆனா கால் போச்சுன்னு எல்லாத்தையும் விட்டீங்க பாருங்க, அதனாலதான் இந்தக் கை இவ்ளோ இறுகிப் போச்சு. அது மட்டும் தெரியும்."

"அப்ப கைய வெச்சு இன்னா செய்யலாம்?"

"வந்து பாருங்க."

அம்மா குறுக்கே வந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. "செய்யறது இருக்கட்டும் மேடம். இவனுக்கு நிறுத்தத் தெரியாதே? சின்னதுலேந்தே தெரியாது. இன்னிக்கு நீங்க இருக்கீங்க, சொல்லுவீங்க. தனியா கீறப்ப யாரு சொல்லுவா? அது தெரியாதவன நான் எப்பிடி இங்க வுட்டுட்டுப் போவேன்?"

மேடம் அதற்கு வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. ஒருநாள் வந்து நேரில் பார்த்து முடிவு செய்யச் சொன்னார்.

டாக்டர் சரி என்ற பிறகு மூன்று பேரும் நிலையத்துக்கு வந்தார்கள். தணிகையின் ரூமைக் காலி செய்து துணிமணியை எடுத்துப்போகப் பெரிய கட்டைப்பை ஒன்றை அம்மா கையிலேயே கொண்டு வந்திருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

தணிகையைப் பாரமில்லாத சைக்கிளில் ஏற்றினேன். மாமாவுக்குக் கையால் சுற்றுகிற சைக்கிள். இறுகின கைக்கு எட்டுகிற தூரத்தில் மேடம் பிடியை நகர்த்தி வைத்தார். "கால் வலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தணும். இன்னும் போகலாம்னு தோணும் பாரு, அப்பவே" என்று தணிகையிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று எனக்குக் கண்ணாலேயே கட்டளை. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாயைக் கட்ட முடிந்தால் அதையும் கட்டியிருப்பேன்.

தணிகை மிதித்தான். முதலில் மெதுவாக. பிறகு அம்மா பார்க்கிறார் என்று கொஞ்சம் வேகமாக. நெற்றியில் வியர்வை முத்திட்டது. வாயை இறுக்கிக்கொண்டான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். மலைப்படியில் அதே முகத்தோடுதான் இறங்கியிருப்பான். அம்மா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

மாமா தன் கையைச் சுற்றிக்கொண்டே இருந்தவர், திரும்பாமல் சொன்னார். "மாப்ள, பந்தயம் வெச்சுக்கலாமா?"

"நீ என்னோடயா?"

"ஏன், கை ஆவாதா? எவன் மொதல்ல நிறுத்தறானோ அவன் ஜெயிச்சான்."

"இன்னா மாமா ஒளர்ற? நிறுத்தினா தோத்தான்னுதான் அர்த்தம்."

"உங்க கபடில அப்பிடி. இது எங்க ஆட்டம். நான் நிறுத்தப் போறேன்டா. பாத்துக்கோ. கடசில இந்தக் கட்டில்காரனாண்ட நீ தோத்துட்டன்னு ஊர்ல சொல்லுவேன்."

தணிகை பல்லைக் கடித்தான். தோற்கவும் மனசில்லை, நிறுத்தவும் மனசில்லை. கால் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மாமாவின் கை வேகம் குறைந்தது. குறைந்துகொண்டே வந்தது. "இதோ, நிறுத்தறேன்டா... நிறுத்திட்டேன்டா..."

தணிகை சட்டென்று இரண்டு காலையும் பெடலை விட்டுத் தூக்கினான்.

"ஜெயிச்சுட்டேன்!"

மாமாவின் கை இன்னும் ஒரு சுற்று தானாகச் சுற்றி நின்றது. "ச்சே. வுட்டுட்டேன்" என்று தலையை ஆட்டினார். மூச்சு வாங்கிக்கொண்டே தணிகை சிரித்தான். அந்தச் சிரிப்போடு என் பக்கம் திரும்பி, "அண்ணாத்த, வாயத் தொற, செத்துரப் போற" என்றான்.

மாமா வாசலைப் பார்த்தார். "அக்கா, பாத்தியா? என்னாண்டயே ஜெயிச்சுட்டான். இன்னும் எதுக்குப் பைய புடிச்சுகினு நிக்கிற?"

அந்த அம்மா உள்ளே வந்து, பையை மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.